மடற்குழுவில் மீந்த முப்பத்தொரு பேர்

1

போன ஆண்டு பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காபி இடைவேளையில் கைபேசியைத் திறந்தேன். எங்கள் மடற்குழுவை இத்தனை ஆண்டுகள் இலவசமாக நடத்திவந்த நிறுவனம், இன்னும் மூன்று மாதத்தில் சேவையை நிறுத்தப்போவதாக எழுதியிருந்தது. வேண்டியவர்கள் பழைய மடல்களைத் தரவிறக்கிக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒரு வரி.

நான் வேலை செய்வது ஸ்வீடனில், கோத்தன்பர்க் நகரத்து மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில். அறுவை சிகிச்சைக்குப் போய்வந்த கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் எங்களிடம் வரும். கழுவி, சரிபார்த்து, தட்டில் அடுக்கி, நீராவிப் பெட்டியில் ஏற்றி, மறுபடி மேலே அனுப்புவோம். ஜன்னல் இல்லாத அறை. அன்று என் முகத்தைப் பார்த்து, கூட வேலை செய்யும் எரிகா, "ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். ஒரு குழுவை மூடுகிறார்கள் என்றேன். என்ன குழு என்றாள். காபி ஆறும்வரை யோசித்தும் அவளுக்குப் புரியும்படி சொல்ல வரவில்லை.

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்காவது சொல்லிப் பார்க்கிறேன். மடற்குழு என்றால் ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி. அதற்கு ஒருவர் எழுதினால் சேர்ந்திருக்கிற எல்லோருடைய பெட்டிக்கும் அந்தக் கடிதம் போய்விடும். யாராவது பதில் எழுதினால் அதுவும் எல்லோருக்கும் போகும். போய்ப் பார்க்க ஒரு பக்கம் கிடையாது, விருப்பம் தெரிவிக்கப் பொத்தான் கிடையாது. அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் இருந்தவர்கள் கேரளத்தில் பிறந்த தமிழர்கள். நான் எருத்தேன்பதிக்காரி. எலப்புள்ளி, முதலமடைப் பக்கத்து ஆட்கள் இருந்தார்கள். பாலக்காட்டு டவுனின் பழைய கோயில் தெருக்களிலிருந்து போனவர்கள் இருந்தார்கள். மூணாறு மேட்டு எஸ்டேட்களிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டில் எங்கள் பாடு கொஞ்சம் விசித்திரம். மலையாளிகள் சங்கத்துக்குப் போனால், நீங்கள் தமிழர் அல்லவா என்பார்கள். தமிழ்ச் சங்கத்துக்குப் போனால், நீங்க கேரளாவா, தமிழ் நல்லாப் பேசறீங்களே என்பார்கள். இரண்டு கூடத்திலும் சாப்பாடு நன்றாக இருக்கும்.

2

குழுவைத் தொடங்கியவர் மாரிமுத்து. எஸ்டேட்டில் பிறந்து மஸ்கட்டில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. எந்த மடலானாலும் கீழே "அன்புடன், மாரிமுத்து, நாலாம் நம்பர் லயம்" என்று கையெழுத்திடுவார். எஸ்டேட் தொழிலாளிகளின் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். மஸ்கட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தாலும் அவர் முகவரி அதுதான்.

நான் வந்த புதிதில் ஸ்வீடிஷ் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். ஆசிரியை இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட வந்தார். வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லவேண்டி, ஆங்கிலத்தை நம்பி, "நான் ஃபுல்" என்று ஸ்வீடிஷில் சொன்னேன். மேசையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மொழியில் அதற்கு நான் குடித்து வெறியேறியிருக்கிறேன் என்று பொருள். அப்போது பகல் பன்னிரண்டரை மணி.

அழுகையாக வந்தது. வீட்டுக்கு வந்து குழுவுக்கு எழுதினேன். சாயங்காலத்துக்குள் பதினான்கு பதில். துபாயிலும் லீட்ஸிலும் கோயமுத்தூரிலும் இருந்து, ஒவ்வொருவரும் தான் உளறிய கதையை எழுதியிருந்தார்கள். மாரிமுத்து தன் அரபு மேலாளரை மரியாதையாகக் கூப்பிடுவதாக நினைத்து ஒரு வாரம் முழுக்க 'என் மாமனாரே' என்று கூப்பிட்ட கதையை எழுதினார். நான் அடுப்படியில் நின்று சிரித்ததில் என் கணவர் எட்டிப் பார்த்தார்.

அதே வருடம் என் குடியேற்றக் காகிதங்கள் சிக்கிக்கொண்டன. பள்ளிச் சான்றிதழில் என் பெயர் சரஸ்வதி. பஞ்சாயத்துப் பிறப்புப் பதிவில் சரசு. இங்கே அலுவலகத்தில் ஒரு பெண்மணி இரண்டையும் மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு, "இதில் எந்த ஆள் நீங்கள்?" என்று தன்மையாகக் கேட்டார். மாரிமுத்துதான் வழி சொன்னார்: "சரசுக்கா, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான்னு வில்லேஜ் ஆபீசில் ஒரு சான்று தருவாங்க. அப்பாவைப் போய் அதைக் கேட்கச் சொல்லுங்க." அந்த ஒரு தாளில் என் ஆறு மாதக் கலக்கம் தீர்ந்தது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் மாரிமுத்து மாரடைப்பில் இறந்துபோனார். செய்தி மடற்குழுவில்தான் வந்தது, அவருடைய முகவரியிலிருந்தே. அவர் மனைவி எழுதியிருந்தார்.

3

மூடப்போகிறார்கள் என்றதும் குழுவில் பெரிய விவாதம் கிளம்பியது. எலப்புள்ளியில் பிறந்து மெல்போர்னில் மென்பொருள் வேலையில் இருக்கும் திவ்யா, நாம் கருத்துக்களத்துக்கு மாறலாம் என்றாள். கருத்துக்களம் என்பது இணையத்தில் ஒரு பலகை மாதிரி. தலைப்புத் தலைப்பாகப் பிரித்து எழுதி வைக்கலாம். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம், பத்து வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். நான் அவளுக்குப் போன் செய்தேன்.

"ஏன் கண்ணு, இப்ப இருக்கறதுக்கு என்ன? கடுதாசி தானா ஊட்டுக்கு வருது. அங்கன்னா நாம போய்ப் போய்ப் பாக்கோணும்."

"அக்கா, நீங்க மடலு அனுப்புனா நம்ம ஆளுகளுக்கு மட்டுந்தானுங்க தெரியும். வெளிய நிக்கறவங்களுக்குக் கதவு எங்கிருக்குதுன்னே தெரியாதுங்க."

"கதவத் தெறந்து வெச்சுப்போட்டு உள்ள ஆளே இல்லீன்னா?"

அவள் சிரித்தாள். "இருப்பாங்கக்கா."

என் மகள் மாயாவும் திவ்யா பக்கம்தான். மாயாவுக்கு இருபத்திரண்டு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஸ்வீடிஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டுப் பேச்சு பத்து வருடமாக இப்படித்தான் நடக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாது. கற்றுக்கொடுக்க முயன்ற சனிக்கிழமைகளை நினைத்தால் எங்கள் இருவருக்கும் சங்கடம். மீன்தொட்டியில் பாசி வளர்ப்பவர்களுக்கென்று ஒரு களம் இருக்கிறதாம், அதில் அவள் சின்ன வயதிலிருந்து எழுதுகிறாள். "அம்மா, நான் பதினாலு வயதில் எழுதியதைப் போன வாரம் சிலியிலிருந்து ஒரு பெண் படித்துவிட்டு நன்றி சொன்னாள். அதை எழுதியதையே நான் மறந்துவிட்டேன்" என்றாள். அவள் இப்படியெல்லாம் ஓர் உலகத்தில் இருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

என் கணவர் எந்தப் பக்கமும் இல்லை. "ஏனம்மிணி, ரெண்டும் கம்பியூட்டருக்குள்ளதான இருக்குது?" என்றார்.

கடைசியில் பிரிந்தோம். இருநூறு பேரில் பெரும்பாலானவர்கள் களத்துக்குப் போனார்கள். திவ்யா பழைய மடல்களையெல்லாம் எடுத்து அங்கே ஏற்றினாள். எழுத்துகள் மட்டுமே வந்தன. மடல்களோடு இணைத்திருந்த படங்களை அந்த நிறுவனம் எப்போதோ கழித்துவிட்டிருந்தது. மடல்தான் வேண்டும் என்று நின்றவர்கள் முப்பத்தொரு பேர். மாயா எனக்காக ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து வேறோர் இடத்தில் மடற்குழுவை அமைத்துக் கொடுத்தாள். முகவரிகளைச் சேர்க்கும்போது ஒன்றைக் காட்டி, இது யார் என்று கேட்டாள். பெயர் இல்லாமல் வெறும் எழுத்தும் எண்ணுமாக இருந்தது. எனக்கும் தெரியவில்லை. ஆரம்ப நாளிலிருந்து பட்டியலில் இருக்கிற முகவரி, ஒருமுறைகூட எழுதியதில்லை. நீக்கட்டுமா என்றாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

4

களத்துக்கு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போவேன், அதுவும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். முதல் இரண்டு மாதம் அங்கே நல்ல கூட்டம். பிறகு குறைந்துவிட்டது. மெல்ல மெல்ல எல்லோரும் அவரவர் கைபேசிக்குள் போய்விட்டார்கள்.

இந்த ஆண்டு ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, 'உதவி' என்ற பிரிவில் ஒரு பதிவு கிடந்தது. ஒன்பது நாளுக்கு முந்தையது.

"வணக்கம். என் பேரு பவித்ரா. மூணாறுக்கு மேல எஸ்டேட்ல இருக்கோம். எங்க பூட்டன் பேரு சுடலைமுத்து. அவரோட அப்பா பேச்சிமுத்து. இணையத்துல தேடுனப்ப இந்தப் பக்கம் வந்துச்சு. மாரிமுத்து அய்யா எழுதுனதுல இருக்கிறது எங்க பூட்டன்தான். அவரு எடுத்த அந்தப் பழைய நோட்டு போட்டோ யார்கிட்டயாவது இருக்கா? சாதிச் சான்றுக்கு வேணும். நர்சிங் படிக்க சீட்டு கெடச்சிருக்கு."

அதற்குக் கீழே, நான்கு நாள் கழித்து, அவளே எழுதியிருந்தாள்: "யாராவது இருக்கீங்களா?"

அதற்கும் கீழே, முந்தின நாள், ஒரு கைபேசி எண் மட்டும்.

உடனே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா, நீங்க எங்கேருந்து பேசுறீங்க?"

"ஸ்வீடன்லருந்து பேசறேன் கண்ணு."

"அது எங்கக்கா இருக்கு?"

"ரொம்ப வடக்க. குளுரு உங்கூரு மாதிரித்தான். மலைதான் இல்ல. நீ விசயத்தச் சொல்லு."

அவள் சொன்னாள். எஸ்டேட் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிப் போன தாழ்த்தப்பட்ட குடும்பங்களுக்குக் கேரளத்தில் சாதிச் சான்று கிடைக்கவேண்டுமானால், முன்னோர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு முன்பே இங்கே இருந்தார்கள் என்று காட்டவேண்டும். எருத்தேன்பதியில் எங்களுக்கு நிலம் இருந்தது, பழைய பத்திரம் இருந்தது. எஸ்டேட் ஆட்களுக்கு அதெல்லாம் ஏது? வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்தால் வீட்டை விட்டு இறங்கவேண்டும். நான்கு தலைமுறை ஒரே மலையில் பிறந்திருந்தாலும் காட்ட ஒரு தாள் இருக்காது.

"தாலுகா ஆபீசுல அபேட்ச குடுத்தாச்சுக்கா. பழைய ரேகை ஹாஜராக்குன்னு சொல்றாங்க. எங்ககிட்ட என்ன ரேகை இருக்கு? ரேஷன் கார்டு இருக்கு, தாத்தாவோட வேலைக் கார்டு இருக்கு. தாத்தா கார்டுல அவுக அப்பா சுடலைமுத்துன்னு போட்டிருக்கு. ஆனா அதெல்லாம் அம்பதுக்குப் பொறவு."

விண்ணப்பத்தை அபேட்ச என்றும் ஆவணத்தை ரேகை என்றும் அங்கே அலுவலகங்களில் சொல்வார்கள்.

"எத்தன நாள் டைம் இருக்குது?"

"பன்னெண்டு நாளு." கூடவே சொன்னாள்: "ஒம்பது நாளும் வந்து வந்து பாத்தேன்க்கா. ஆள் இல்லாத வீடு போலன்னு நெனச்சேன்."

போனை வைத்துவிட்டு மாரிமுத்துவின் அந்த மடலைக் களத்தில் தேடிப் படித்தேன். ஒரு விடுமுறையில் ஊருக்குப் போனபோது, எஸ்டேட்டின் பழைய மருந்தகத்தை இடித்துக்கொண்டிருந்தார்களாம். அங்கே சுதந்திரத்துக்கு முன்பு பிள்ளைகளுக்கு அம்மைத் தடுப்பூசி குத்தியபோது எழுதிவைத்த நோட்டு ஒன்றைப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டு பக்கம் படம் எடுத்து, அதிலிருந்த அத்தனை பெயரையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். "உங்க வீட்டுப் பெரியவங்க பேரு இருந்தா சொல்லுங்க" என்று முடித்திருந்தார். அதற்கு வந்த பதில்கள் இரண்டே இரண்டு. அதில் ஒன்று என்னுடையது. "அருமையான பணி" என்று எழுதியிருந்தேன். படங்களை அன்று நான் திறந்து பார்க்கவே இல்லை.

இப்போது என் பெட்டியில் தேடினால் மடல் இருந்தது, படம் இல்லை. இடம் போதவில்லை என்று பெரிய இணைப்புகளை நானே ஒருமுறை அழித்திருந்தேன். திவ்யாவிடம் கேட்டேன். அவளிடமும் எழுத்து மட்டும்தான். அந்தப் பதிவு தன் கண்ணிலும் படவில்லையே என்று அவள் வருந்தினாள். மாரிமுத்துவின் மனைவியைத் தென்காசியில் பிடித்தேன். "அவர் கம்ப்யூட்டரை அப்பவே பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துட்டோமேம்மா" என்றார்.

5

முப்பத்தொரு பேருக்கும் எழுதினேன். நீளமாக எழுதவில்லை. பெண்ணின் பெயர், பூட்டன் பெயர், மீதி இருக்கும் நாள். மாரிமுத்துவின் பன்னிரண்டு படம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

இதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் பத்தொன்பது பதில்கள். முதலமடையில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் ராமசாமி, "லோடு ஏத்திட்டு இருக்கறனுங்க. ஊட்டுக்குப் போனதும் பழைய பெட்டியத் தொறந்து பாக்கறனுங்க" என்று எழுதி, இரண்டு மணி நேரத்தில், "பாத்துட்டனுங்க, அழிஞ்சு போச்சு, மன்னிச்சுக்கோங்க" என்று எழுதினார். தோகாவில் ஒருவர் வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுப் பழைய குறுந்தகடுகளைப் போட்டுப் பார்த்திருக்கிறார். எல்லோரும் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் எல்லோரும் தேடிவிட்டுச் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் கடைசியாக எழுதி மூன்று வருடம் ஆகியிருக்கும்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது இன்னொரு மடல். மாயா நீக்கட்டுமா என்று கேட்டாளே, அந்த முகவரியிலிருந்து. மலையாள எழுத்தில் இருந்தது. நான் கேரளத்தில் படித்தவள், மலையாளம் வாசிப்பேன். வாசிக்கத் தொடங்கியதும் ஒரு கணம் தடுமாறினேன். எழுத்துதான் மலையாளம். பேச்சு தமிழ்.

"என்னண்ட எல்லா மடலும் இருக்கு. முதல் நாள்லேர்ந்து இருக்கு. போட்டோ பன்னெண்டும் இதோட அனுப்பியிருக்கேன். தப்பா எழுதியிருந்தா க்ஷமிக்கணும். பர்வதம்."

கீழே பன்னிரண்டு படங்களும் இருந்தன. நான் டிராமை விட்டுவிட்டு நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பழுப்பேறிய தாள், நீல மசி, சாய்ந்த கையெழுத்து. ஏழாம் பக்கத்தில் ஐந்தாவது வரி: சுடலைமுத்து, தகப்பன் பேச்சிமுத்து, வயது ஆறு, ஆறாம் நம்பர் லயம்.

பவித்ராவுக்கு அப்போதே அனுப்பினேன். பிறகு பர்வதத்திடம் எண் வாங்கி, அன்று பிற்பகல் கூப்பிட்டேன். ஒட்டாவாவில் இருக்கிறார். எழுபதை நெருங்குகிறவர். பேருந்து நிறுவனம் ஒன்றில் பயணச்சீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாலக்காட்டு டவுனில் கோயில் தெருவில் பிறந்தவர்.

"ஏனுங்க்கா, இத்தன வருசமா ஒரு வார்த்த எழுதலீங்களே?"

"என்ன எழுத? எனக்கு அப்போ தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, எழுத இப்பவும் வராது, கேட்டேளா. ஆத்துல பேசறது தமிழ். ஸ்கூல்ல எல்லாம் மலையாளம். எங்க தெருவில முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்."

"அப்புறம் எங்க மடல எப்படிப் படிச்சீங்க?"

"முதல்ல படிக்கலை. பார்த்துண்டிருந்தேன். எல்லாரும் தமிழ்ல என்னமோ சொல்றா, எனக்கு மட்டும் தெரியலையேன்னு ஒரு இது. அப்பறம் எழுத்து எழுத்தாக் கூட்ட ஆரம்பிச்சேன். முழுசாப் படிச்ச முதல் மடல் உங்களோடதுதான். ஸ்வீடன்ல ஃபுல்லுன்னு சொன்னேளே, அது. மூணு நாள் ஆச்சு படிக்க. படிச்சு முடிச்சு நான் தனியா உக்காந்து சிரிச்சேன்."

அவரே தொடர்ந்தார்.

"அதனாலதான் ஒண்ணையும் கழிக்கலை. பாடப் புஸ்தகத்தை யாராவது தூக்கிப் போடுவாளா? எல்லாத்தையும் வருஷம் வருஷமாப் பிரிச்சு வெச்சிருக்கேன். மாரிமுத்து பேரெல்லாம் எழுதி அனுப்பினாரே, அது எனக்கு ரொம்ப உபகாரம். வாக்கியம்னா அர்த்தத்தை ஊகிச்சுடலாம். பேரை ஊகிக்க முடியாதே, எழுத்துக் கூட்டித்தான் ஆகணும். சுடலைமுத்து, பேச்சியம்மாள், இசக்கி. எங்க தெருவில இந்தப் பேரெல்லாம் கிடையாது. போட்டோவில இருக்கிற கையெழுத்தையும் அவர் அடிச்சதையும் பக்கத்துல வெச்சுண்டு, வாய்விட்டுப் படிப்பேன். ஒரு பனிக்காலம் முழுக்க அதான்."

ஒட்டாவாவில் ஒரு பெண்மணி, பனிக்கு அடைத்த அறையில் உட்கார்ந்து, மூணாறு மலையில் அம்மை குத்திக்கொண்ட பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். யாருக்கும் தெரியாது. மாரிமுத்துவுக்கும் தெரியாது. அவர் தன் மடலுக்கு இரண்டு பதில்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார்.

"இன்னொண்ணு" என்றார் பர்வதம். "ஏழாம் பக்கத்துல மேல் மூலையில தேதி இருக்கு, சின்னதா. அதை மாரிமுத்து அடிக்கலை. முதல் போட்டோவில ஓரமா அட்டை தெரியறது, அதுல ஒரு நம்பர் இருக்கு, அதையும் விட்டுட்டார். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்கோ, உபயோகப்படும்."

6

உபயோகப்பட்டது. அந்தத் தேதி ஐம்பதுக்கு முந்தையது. ஆனாலும் போனில் எடுத்த படத்தை வைத்துச் சான்று தர முடியாது, மூல நோட்டு வேண்டும் அல்லது எஸ்டேட் அலுவலகம் ஒப்பமிட்ட நகல் வேண்டும் என்று தாலுகா அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். சொன்ன அதிகாரி கடுமையாக இல்லையாம். படத்தைப் பெரிதாக்கி அந்த வரியை இரண்டு தரம் படித்தாராம். "அவரு கையில வேற வழி இல்ல போலக்கா" என்றாள் பவித்ரா.

மருந்தகம் இடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. நோட்டு குப்பைக்குப் போயிருக்கலாம், கரையான் தின்றிருக்கலாம். பவித்ராவின் அப்பா முருகன் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் பகுதியில் வேலை செய்கிறார். விடுப்புப் போட்டுவிட்டு மகளோடு எஸ்டேட் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த குமாஸ்தா முதலில் கை விரித்தார். அட்டை எண்ணைச் சொன்னதும், பழைய மருந்தகத்துச் சாமான்கள் சில பெட்டிகளில் கட்டிக் கிடங்கில் போட்டது தனக்கு நினைவிருக்கிறது என்றார். மூன்று பேருமாக இரண்டு நாள் கிடங்கில் தேடினார்கள். நான் அந்த இரண்டு நாளும் அடித்தளத்தில் கத்தரிகளை அடுக்கிக்கொண்டே கைபேசியைப் பார்த்தேன். எரிகா நான்கு தட்டுகளை எனக்காகத் திரும்ப அடுக்கினாள். இந்த முறை அவளுக்கு முழுக் கதையும் சொன்னேன். எனக்கு ஸ்வீடிஷ் தடுக்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் முருகனே கூப்பிட்டார்.

"நோட்டு கெடச்சிருச்சும்மா. நம்பரு போட்டு அப்படியே இருக்கு." பின்னால் யாரோ இருமும் சத்தம், பெட்டி நகர்த்தும் சத்தம். "எங்க தாத்தா பேர எழுத்துல நான் பாத்ததே இல்லம்மா. கல்லறையிலகூட பேரு போடல நாங்க. ஆறு வயசுன்னு போட்டிருக்கு. அவரு சின்னப் பிள்ளையா இருந்திருக்காருன்னு இன்னிக்குத்தான் தோணுது."

மேலாளர் நகலில் ஒப்பமிட்டார். கெடு முடிய ஒரு நாள் இருக்கையில் சான்றிதழ் கைக்கு வந்தது. பவித்ரா அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பவில்லை. களத்தில், தன் பழைய பதிவுக்குக் கீழேயே போட்டாள். "கெடச்சிருச்சு. எல்லாருக்கும் நன்றி. பர்வதம் பாட்டிக்கு ரொம்ப நன்றி" என்று எழுதியிருந்தாள். நான் அதை அப்படியே மடற்குழுவுக்கு அனுப்பினேன். ராமசாமி ஒரு மடல் போட்டார், அதில் எழுத்தே இல்லை, மாங்காய் படம் மட்டும்.

களமா மடலா என்று திவ்யாவும் நானும் இப்போது வாதாடுவதில்லை. களம் இல்லாமல் பவித்ராவுக்கு அந்தப் பெயர் கிடைத்திருக்காது. மடல் இல்லாமல் அந்தப் படம் எங்கேயும் மிஞ்சியிருக்காது. களத்தில் 'உதவி' என்று யார் எழுதினாலும் அது முப்பத்தொரு பேருக்கும் மடலாகப் போகும்படி திவ்யாவும் மாயாவும் சேர்ந்து செய்திருக்கிறார்கள். அதற்காக இருவரும் ஆங்கிலத்தில் மணிக்கணக்காகப் பேசினார்கள். நடுவில் மாயா அறையிலிருந்து வெளியே வந்து, "லயம் என்பதை எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டாள். சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

7

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். செப்டம்பரில் பவித்ரா மறுபடி எழுதினாள். கல்லூரியில் சேர்ந்து, முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"அந்த நோட்டுல எங்க பூட்டன் மட்டும் இல்லல்ல, பன்னெண்டு பக்கமும் பேரா இருக்கு. எல்லாப் பேரையும் அச்சடிச்சு லயத்துல ஒட்டுனோம். நேத்துலருந்து ஆளு வந்துக்கிட்டே இருக்காங்க. இது எங்க ஆச்சி, இது எங்க மாமான்னு சொல்றாங்க. ஏழு குடும்பம் அபேட்ச குடுக்கப் போறாங்க. அப்பா எல்லார்த்தையும் அலுவலகத்துக்குக் கூட்டிட்டுப் போறாரு."

அந்த மடல் முப்பத்தொரு பேருக்கும் போனது. பர்வதம் பதில் எழுதினார், மலையாள எழுத்தில்தான். எந்தப் பக்கத்தில் எந்தக் கையெழுத்து மங்கலாக இருக்கிறது, அதை எப்படி வாசிக்கவேண்டும் என்று வரிவரியாகக் குறித்திருந்தார். நான் அதைத் தமிழ் எழுத்தில் மாற்றிக் களத்தில் ஏற்றினேன்.

பவித்ராவின் பதிவில் கடைசியாக இப்படி இருந்தது:

"இன்னிக்கு செல்லம்மான்னு ஒருத்தங்க வந்தாங்க. பேரனுக்காக வந்திருக்காங்க. மூணு தடவ எல்லாப் பக்கமும் படிச்சுக் காட்டியாச்சு. அவங்க வீட்டுப் பேரு எதுவும் அதுல இல்ல. அவங்க மாமனார் ஊசிக்குப் பயந்து அன்னிக்குத் தேயிலைக் காட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டாராம். அவங்க இன்னும் போகல, எங்க வீட்டுல உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு என்ன சொல்றதுக்கா?"

எனக்குத் தெரியவில்லை. களத்திலும் மடற்குழுவிலும் கேட்டுவிட்டேன். பத்தொன்பது பேர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இதை வாசிக்கிற உங்களில் யாருடைய வீட்டிலாவது, அந்த மலையின் பழைய மருந்தகமோ பள்ளிக்கூடமோ கோயிலோ எழுதிவைத்த ஏதாவது நோட்டு, ஒரு பக்கமாவது, பெட்டியடியில் கிடந்தால் திறந்து பாருங்கள். செல்லம்மாவின் மாமனார் பெயர் மாடசாமி. தகப்பன் பெயர் வேலாயுதம். மூன்றாம் நம்பர் லயம்.